சுத்தமாகக் கழுவிய பாட்டில்

எனக்கு ரத்தம் வற்றிப்போன கதையை யாரிடம் ஆரம்பித்தாலும் அவர்கள் முதலில் கேட்பது, "நீங்க குடிப்பீங்களா?" என்பதுதான். குடித்ததில்லை. பீடி, சிகரெட் கிடையாது. வெற்றிலைகூடக் கல்யாண வீட்டில் போடுவதோடு சரி. "அப்புறம் எப்படிங்க?" என்று அடுத்த கேள்வி வரும். பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனதால், ஒரேயடியாக எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பெயிண்ட் வேலையில் இருக்கிற யாராவது படித்தால் சந்தோஷம். அவர்கள் வீட்டுப் பெண்கள் படித்தால் அதைவிடச் சந்தோஷம்.

எண்பதுகளின் நடுவில் நான் திண்டிவனத்தில் பஸ்களுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் ஸ்ப்ரே பெயிண்டராக இருந்தேன். வெறும் தகரமாக நிற்கிற வண்டிக்குப் பட்டி பூசி, உப்புத்தாள் தேய்த்து, மேலே வர்ணம் அடித்து, பக்கவாட்டில் முன் விளக்கிலிருந்து பின் விளக்கு வரை ஒரே ஓட்டமாகக் கோடு இழுப்பது என் வேலை. அந்தக் கோட்டில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. என்னோடு சேர்ந்து, வர்ணம் பீய்ச்சும் ஸ்ப்ரே கன் பிடித்தவர் வேலாயுதம். என் மனைவி அலமேலுவின் அண்ணன். பட்டறையில் கூட்டாளி, வீட்டில் மச்சான். அவர் வண்டியின் இடது பக்கம், நான் வலது பக்கம்.

பெயிண்ட்டை இளக்குவதற்குத் தின்னர் ஊற்றுவோம். தண்ணீர் மாதிரி இருக்கும், திறந்தால் மண்டைக்கு ஏறுகிற வாசனை. புதிதாக வருகிறவர்களுக்குத் தலை சுற்றும். எங்களுக்கு அது பழகிப்போய், அந்த வாசனை இல்லாத இடத்தில்தான் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். பட்டறையில் சுத்தம் என்றாலே தின்னர்தான். கன்னைச் சுத்தம் செய்யத் தின்னர். சோற்றில் கை வைக்கும் முன் கைக்குத் தின்னர். சட்டையில் கறை பட்டால் தின்னர். "சோப்பு அழுக்கத்தான் எடுக்கும் மாப்ள, தின்னர்தான் சுத்தம் பண்ணும்" என்பார் மச்சான். நானும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

அந்த வருடம் எங்களுக்குப் பெண் பிறந்திருந்தாள். சுமதி. நான் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அழுகையை நிறுத்திவிட்டுக் கையை நீட்டுவாள். தூக்கினால் என் சட்டைக் காலருக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு உஸ்ஸென்று மூச்சு விடுவாள், அப்படியே தூங்கியும் போவாள். "நாள் பூரா பால் குடுத்துக்கினு இடுப்புல வச்சிக்கினு கெடக்கறவ நானு. இவளுக்கு என்னாடான்னா தின்னரு வாசம்தான் வேண்டியிருக்குது" என்று அலமேலு சலித்துக்கொள்வாள். சலிப்புக்குள் சந்தோஷம் இருக்கும். எனக்கோ அந்த ஒரு நிமிஷத்துக்காகவே அன்றைக்குப் பட்ட பாடெல்லாம் தகும் என்று தோன்றும்.

வியாதி சத்தமில்லாமல் வந்தது. முதலில் பல் விளக்கினால் ரத்தம். வேப்பங்குச்சி குத்தியிருக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு தொடையிலும் புஜத்திலும் நீலம் நீலமாகக் கன்றல்கள். எங்கேயும் இடித்துக்கொண்ட ஞாபகம் இல்லை. வண்டியின் கூரைக்கு அடிக்க ஏணி ஏறினால் பாதியிலேயே மூச்சு வாங்கியது. ஒருநாள் அலமேலு என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "என்னாங்க இது, சுண்ணாம்பு அடிச்சாப்புல இருக்குது" என்றாள். தெருமுனை டாக்டர் ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். அந்த பாட்டில் காலியானதுதான் மிச்சம். மூக்கிலிருந்து ரத்தம் நிற்காமல் கொட்டிய அன்று மச்சான் என்னை ஒரு டாக்ஸியில் போட்டு விழுப்புரம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

ஆஸ்பத்திரி என்றால் காத்திருப்பது என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன். சீட்டு வாங்கக் காத்திருப்பு, ரத்தம் கொடுக்கக் காத்திருப்பு, கொடுத்த ரத்தம் என்ன சொல்லிற்று என்று தெரியக் காத்திருப்பு. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கண்டமங்கலத்துப் பெரியவர் ஒருவர், மடியிலிருந்து வறுத்த மல்லாட்டை (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்) எடுத்து நீட்டி, "துன்னு தம்பி. பசிச்ச வயித்தோட கெட்ட சேதி கேக்கக் கூடாது" என்றார். அந்த மல்லாட்டையைத் தின்றுகொண்டுதான் என் கெட்ட சேதியைக் கேட்டேன்.

சொன்னவர் ஒரு டாக்டரம்மா. வயது என்னைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். எதையும் மூடி மறைக்காமல், ஆனால் பயமுறுத்தாமல் சொல்லுவார். ரத்தத்தில் மூன்று வகை அணுக்கள் உண்டாம். சிவப்பு அணு தெம்புக்கு, வெள்ளை அணு கிருமியோடு சண்டை போட, தட்டணு ரத்தம் உறைய. "உங்களுக்கு மூணுமே கொறைஞ்சிருக்கு. ஏதோ ஒண்ணு கொறைஞ்சா வேற காரணம் தேடலாம். மூணும் சேர்ந்து கொறைஞ்சா, இதெல்லாம் உற்பத்தியாகற எடத்துலயே கோளாறுன்னு அர்த்தம்." அந்த இடம் எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜை. மறுநாள் இடுப்பு எலும்பில் ஊசி போட்டு அதில் கொஞ்சம் உறிஞ்சி எடுத்தார்கள். மரத்துப்போக மருந்து போட்டும், உள்ளே இழுக்கிறபோது உயிரையே நூல் கட்டி இழுக்கிற மாதிரி இருந்தது. பார்த்ததில், அணுக்கள் நெருக்கமாக இருக்கவேண்டிய இடம் காலியாகக் கிடந்ததாம்.

கிருமி தொற்றக்கூடாது என்று என்னை மாடியில் ஓர் ஓரத்துக் கட்டிலில் போட்டார்கள். குழந்தைகளை அங்கே விடமாட்டார்கள். அதுதான் எனக்குப் பெரிய தண்டனையாகப் போயிற்று. ரத்தம் ஏற்றினார்கள். சொந்தக்காரர்களும் பட்டறைத் தச்சர்களும் வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். சாப்பாட்டுக்கு அலமேலு தினமும் கேப்பைக் கூழும் கீரையுமாகத் தூக்குச்சட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்தாள். செலவை அவளும் மச்சானும் எப்படிச் சமாளித்தார்கள் என்று நான் கேட்டபோதெல்லாம், "நீங்க மொதல்ல எழுந்து வாங்க" என்பதே பதில். அவள் காதில் தோடு இல்லாததைப் பார்த்துவிட்டு அப்புறம் நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மச்சான் குழந்தையைத் தூக்கிவந்து கீழே புங்கமரத்தடியில் நிற்பார். நான் மாடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சுமதி, சுமதிக்கண்ணு" என்று கூப்பிடுவேன். அவள் மரத்தைப் பார்ப்பாள், காக்காயைப் பார்ப்பாள், என்னை மட்டும் பார்க்கமாட்டாள். சத்தம் மேலேயிருந்து வரும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? மச்சான் அவள் தாடையைப் பிடித்துத் தூக்கிக் காட்டுவார். அவள் சிணுங்கிக்கொண்டு அவர் காலருக்குள் மூக்கை நுழைத்துக்கொள்வாள். என் இடத்தில், என் வாசனையில், இன்னொருவர். நல்ல மனிதர்தான், என் மச்சான்தான். ஆனாலும் வயிறு எரிந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

ஒருநாள் டாக்டரம்மா என் நகக்கண்ணில் இருந்த நீல வர்ணத்தைப் பார்த்துவிட்டு வேலையைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார். பிறகு கட்டில் ஓரத்தில் நின்றபடியே விளக்கினார். தின்னரில் பென்சீன், டொலுவீன், சைலீன் என்று பங்காளிகள் மாதிரி மூன்று பேர் இருக்கக்கூடும். மூவருக்கும் வாசனை உண்டு, மூவரும் காற்றில் பறக்கிறவர்கள். மஜ்ஜையில் கை வைக்கிறவன் பென்சீன். "நீங்க மோந்து பாக்கற வாசனை மூக்கோட நின்னுடறதில்ல. நுரையீரல் வழியா ரத்தத்துக்குப் போகுது. அதுல கொஞ்சம் அப்படியே மூத்திரத்துல எறங்கும். அதை அளந்து பார்த்தா உடம்புக்குள்ள எவ்வளவு போகுதுன்னு ஒரு கணக்கு கெடைக்கும். மெட்ராஸ்ல எங்க சார் ஒருத்தர்கிட்ட அதுக்கான மெஷின் இருக்கு."

"எடுத்துக்குங்க டாக்டரம்மா, இப்பவே குடுக்கறேன்" என்றேன்.

அவர் சிரித்தார். "உங்களோடது இப்ப உதவாது. அது ஒண்ணு ரெண்டு நாள்லயே உடம்பை விட்டுப் போயிடும். நீங்க வேலைக்குப் போயி எவ்வளவு நாளாச்சு! வந்த அன்னிக்கே எடுத்திருக்கணும், எனக்குத் தோணாம போச்சு. உங்க பக்கத்துல நின்னு அதே வேலை செய்யறவங்க யாரு?"

மச்சானைத் தவிர வேறு யார்? அன்று அவர் வந்ததும் டாக்டரம்மா ஒன்றுக்கு இரண்டு தரம் சொன்னார். சர்க்கரைக்குப் பார்க்கிற மாதிரி காலையில் எடுக்கக்கூடாது. சாயங்காலம் வேலை முடிந்த கையோடு எடுக்க வேண்டும். பாட்டிலில் கழுத்து வரை நிரப்பி இறுக்கி மூட வேண்டும். காலியிடம் இருந்தால் பென்சீன் மூத்திரத்தை விட்டு அங்கே இருக்கிற காற்றுக்குப் போய்விடும். ஐஸில் வைத்துக் கொண்டுவர வேண்டும். "பாட்டில் நல்ல சுத்தமா இருக்கணும்" என்று கடைசியாக ஒரு வார்த்தை சேர்த்தார். அந்த ஒரு வார்த்தைதான் எல்லாக் கூத்துக்கும் காரணம்.

மச்சான் போன பிறகு நான் படுத்துக்கொண்டு சாமியை வேண்டினேன். என்ன வேண்டினேன் தெரியுமா? அதில் ஒன்றும் இருக்கக்கூடாது என்று. தின்னர்மேல் குற்றம் இல்லை, வேறு ஏதோ காய்ச்சல் செய்த வேலை என்றால், உடம்பு தேறியதும் திரும்பிப் போய்க் கன்னைப் பிடிக்கலாம். சாயங்காலம் அதே சட்டையோடு வீட்டுக்குப் போகலாம். அவள் கை நீட்டுவாள். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பார்களே, அந்தக் கதைதான்.

மச்சான் குச்சி ஐஸ்காரர் ஒருவரிடம் பெட்டியைக் கடன் வாங்கி, அதற்குள் பாட்டிலை வைத்து விழுப்புரம் பஸ்ஸில் வந்தார். வழியெல்லாம் பிள்ளைகள் ஐஸ் கேட்டுத் தொல்லை பண்ணினார்களாம். "இது கசப்பு ஐஸுடா, வாணாம்னு சொன்னேன் மாப்ள" என்று அவர் சொன்னபோது, சிரித்தால் ஈறில் ரத்தம் வரும் என்ற பயத்தையும் மறந்து சிரித்தேன்.

மெட்ராஸிலிருந்து பதில் வர நாளாயிற்று. வந்ததும் டாக்டரம்மா மச்சானைக் கூப்பிட்டு அனுப்பினார். என் கட்டிலருகே வைத்தே அவரை மேலும் கீழும் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். கண்ணில் டார்ச் அடித்தார்.

"தலை சுத்துதா? மயக்கம் வந்துச்சா?"

"இல்லீங்களே. காலைல ஆறு இட்லி துன்னுட்டு வர்றேன்."

"இந்த ரிசல்ட் நெசம்னா நீங்க நடந்து வந்திருக்க முடியாதுங்க. நாலு பேர் தூக்கிக்கிட்டு வந்திருக்கணும். மெட்ராஸ்ல எங்க சார், 'மூத்திரம் அனுப்பினியா, பெயிண்ட் டப்பா அனுப்பினியா'ன்னு கேக்கறார். எந்தப் பாட்டில்ல புடிச்சீங்க?"

"மாப்ள குடிச்ச டானிக் பாட்டிலுங்க."

"கழுவினீங்களா?"

"என்னாங்க இப்பிடி கேட்டுட்டீங்க! நீங்கதான் சுத்தமா இருக்கணும்னீங்களே. உள்ள ஒரே பிசுபிசுப்பு, மேல லேபிள் வேற ஒட்டிக்கினு கெடந்தது. தின்னரு ஊத்தி ரெண்டு வாட்டி குலுக்கி, வேஸ்ட் துணியால தொடச்சிதாங்க புடிச்சேன். கண்ணாடி கணக்கா இருந்தது."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். டாக்டரம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் முகத்தில் சிரிப்பு வந்து, வந்த வேகத்திலேயே போய்விட்டது. மெல்லக் கேட்டார்: "வேற எதையெல்லாம் தின்னர்ல சுத்தம் பண்ணுவீங்க?"

மச்சான் கபடில்லாமல் அடுக்கினார். கை, முழங்கை, கழுத்து, முகத்தில் தெறித்தது, சட்டை, செருப்பு. டாக்டரம்மா என்னைப் பார்த்தார். ஆமாம் என்று நானும் தலையாட்டினேன். "மூக்கு வழியா மட்டும்தான் போகுதுன்னு நெனைச்சிக்கிட்டிருந்தேன். தோல் வழியாவும் போகும்யா" என்றார். "வீட்டுக்கும் எடுத்துக்கிட்டுப் போவீங்களா?"

"கொஞ்சூண்டு ஒரு சீசாவுல இருக்கும்" என்ற மச்சான், என்னை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "கொழந்த ராவெல்லாம் அப்பன தேடி அழுவுதுங்க. மாப்ளயோட வேலைச் சட்டைய பக்கத்துல போட்டாத்தான் தூங்குது. வாசம் போயிட்டா திரும்ப அழுவுது. அதான் அப்பப்ப காலர்ல ரெண்டு சொட்டு வுட்டுக் குடுக்கறது. ஒடனே தூங்கிடுது."

 கூழ் கொண்டுவந்திருந்த அலமேலு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. என் பெண் என்னைத் தேடுகிறாள் என்ற ஆனந்தம்தான் வந்தது. ஜன்னலில் நின்று கூப்பிட்டபோது திரும்பிப் பார்க்காதவள் ராத்திரியெல்லாம் என்னைத் தேடியிருக்கிறாள். பயம் அதற்குப் பின்னால் வந்தது. வந்தபோது மொத்தமாக வந்தது. என் எலும்புக்குள் காலியாகக் கிடந்த இடத்தை நினைத்தேன். அவள் எலும்பு எவ்வளவு சின்னது!

"இன்னிக்கே அந்தச் சட்டையைத் தூக்கி வெளிய போடுங்க. நாளைக்குக் குழந்தையைத் தூக்கிட்டு வாங்க" என்றார் டாக்டரம்மா. மறுநாள் கீழே சுமதியின் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். அவள் வீரிட்டது மாடிவரை கேட்டது. நான் ஜன்னல் கம்பியில் தலையை முட்டிக்கொண்டு நின்றேன். அன்று சாயங்காலம் டாக்டரம்மா படியேறி வந்து, மூச்சு வாங்க, "குழந்தைக்கு ஒண்ணும் இல்ல" என்று சொன்னபோது அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. "படுங்க, படுங்க" என்று அதட்டினார்.

மச்சான்தான் பாவம், இடிந்துபோய்விட்டார். இரண்டாம் முறைக்கு ஆஸ்பத்திரியிலேயே கண்ணாடி பாட்டில் கொடுத்தார்கள், இறுக்கமான மூடியோடு. "திரும்பக் கழுவாதீங்க, தண்ணியிலகூட வேணாம்" என்று சொல்லிக் கொடுத்தார் டாக்டரம்மா. மச்சான் அதைக் கையில் வைத்துக்கொண்டு என் கட்டிலருகே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"மாப்ள, இதுல இருக்குதுன்னு வந்திச்சுன்னா?"

"நீயும் கன்னக் கீழ வைக்கணும் மச்சான்."

"எனக்கு வேற என்னா வேல தெரியும்? பேஜாரா போயிடுமே. இல்லன்னு வந்திச்சுன்னா நாம ரெண்டு பேரும் திரும்ப ஒண்ணா அடிக்கலாம் இல்ல?" பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவரே, "பச்சத் தண்ணியா ஒரு சீசா குடுத்துட்டா முடிஞ்சுபோச்சு" என்றார்.

எனக்கும் அதே ஆசைதான். ஆனாலும், "நம்ம ரெண்டு பேருக்காக மட்டும்னா குடுத்துடலாம். கொழந்த தூங்கறதுக்குச் சட்டைக்கு வாசம் வுட்டுக்கினு இருந்தமே, அதுக்காக நெசத்தக் குடு" என்றேன். அவர் எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு போனார்.

அந்த முறை வந்த பதிலில் மூன்று பங்காளிகளும் இருந்தார்கள். பெயிண்ட் டப்பா அளவுக்கு இல்லை. ஆனால் இருக்கக்கூடாத அளவுக்கு இருந்தது, பென்சீன் உட்பட. டாக்டரம்மா நேர்மையாகச் சொன்னார்: "மூத்திரம் உடம்புக்குள்ள போயிருக்குன்னுதான் சொல்லும். இதனாலதான் உங்களுக்கு ரத்தம் கொறைஞ்சதுன்னு அது சத்தியம் பண்ணாது. ஆனா வேற காரணம் தேடிப் பார்த்துட்டேன், கெடைக்கல." மச்சானுக்கும் ரத்தம் பார்த்தார்கள். வெள்ளை அணு குறைய ஆரம்பித்திருந்தது. ஆரம்பம்தான், நிறுத்தினால் தேறிவிடும் என்றார். மச்சான் மறுநாளே கன்னைக் கழற்றி மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டு, ஒரு நெல் மண்டியில் லாரிக்கு லோடு பார்க்கிற வேலைக்குப் போய்விட்டார். முதலாளி முதலில், "எங்கப்பா காலத்துலேர்ந்து இதே தின்னருதான்" என்று முறைத்தார். பிறகு வேறு சரக்கு வாங்கினார், கை கழுவ சோப்பும் வைத்தார் என்று கேள்விப்பட்டேன்.

எனக்கு ரத்தம் மெல்ல ஊறியது. எல்லாருக்கும் இப்படித் தேறுவதில்லை, உங்களுக்கு அதிர்ஷ்டம் என்றார் டாக்டரம்மா. ஆஸ்பத்திரியை விட்டுப் புறப்பட்ட அன்று, திண்டிவனம் போக பஸ் ஸ்டாண்டில் வந்து நின்ற வண்டி நான் கோடு இழுத்தது. ஏறும்போது அந்தக் கோட்டைக் கையால் தடவிப் பார்த்தேன். மேடு பள்ளம் இல்லாமல் வழுவழுவென்று போயிற்று. இனிமேல் இழுக்கமாட்டேன் என்ற நினைப்பில் கண் நிறைந்துவிட்டது. கண்டக்டர், "உள்ள போ சார், ஜல்தி" என்று தட்டிவிட்டார்.

வீட்டு வாசலில் அலமேலு ஆரத்தித் தட்டோடு நின்றாள். மச்சான் இடுப்பில் சுமதி. இவ்வளவு நாளும் ஜன்னல் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று எதற்காக ஏங்கினேனோ அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கையை நீட்டினேன். அவள் என்னை உற்றுப் பார்த்தாள். தூக்கினதும் வழக்கம்போல மூக்கைக் காலருக்குள் கொண்டுபோனாள். ஆஸ்பத்திரி மருந்து நெடிதான் இருந்திருக்கும். முகத்தைச் சட்டென்று பின்னுக்கு இழுத்து, யார் நீ என்பதுபோல ஒரு பார்வை பார்த்து, பெருங்குரலெடுத்து அழுதாள். மச்சான் வாங்கிக்கொண்டார். அவரிடமும் மோந்தாள். அவர் சட்டையில் நெல்லுமித் தூசிதான் இருந்தது. அங்கேயும் அழுகை நிற்கவில்லை.

"ரெண்டு பேருகிட்டயும் இல்லடா கண்ணு" என்று மச்சான் அவளிடம் மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார்.

அதற்குப் பிறகு பல நாள் அவள் என்னிடம் வரவேயில்லை. பக்கத்தில் போனால் அம்மா காலைக் கட்டிக்கொள்வாள். ராத்திரி தூக்கத்தில் சிணுங்கிக்கொண்டு பாயில் கையால் துழாவுவாள். எதைத் துழாவுகிறாள் என்று எனக்குத் தெரியும், அலமேலுவுக்கும் தெரியும். அந்த வாசனைக்காக அவள் எவ்வளவு ஏங்கினாளோ அவ்வளவு நானும் ஏங்கினேன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். பட்டறைப் பக்கம் காற்று வீசினால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு தெருவில் போவேன். பயத்தால் மட்டும் இல்லை.

ஒரு சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. அலமேலு காயப்போட்ட துணியை எடுக்க வெளியே ஓடினாள். இடி இடித்தது. சுமதி பயந்துபோய், வீட்டில் வேறு யாரும் இல்லாததால், தவழ்ந்து வந்து என் முழங்காலைப் பிடித்தாள். தூக்கினேன். காலருக்குள் மூக்கை நுழைத்தாள். மோந்தாள். இந்தப் பக்கம் மோந்துவிட்டு அந்தப் பக்கமும் மோந்தாள். அங்கே சோப்பு வாசனையும் வேர்வையும் தவிர ஒன்றும் கிடையாது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன், இதோ அழப் போகிறாள் என்று.

அவள் தேடியது கிடைக்கவில்லை. ஆனாலும் இறங்கவில்லை.